கோசல நாட்டில் குடியேறுவீர்களா? (கற்பனைப் பொன்னுலகங்கள் பற்றி ஒரு சண்டை)

கரிசல்காட்டான் எழுதியது:

கதைகளில் வருகிற பொன்னுலகங்களில் எதில் குடியேறச் சம்மதிப்பீர்கள் என்று போன வாரம் வேறொரு இழையில் பேச்சு கிளம்பி, பாதியில் சினிமாப் பக்கம் திரும்பிவிட்டது. அதனால் இதைத் தனியாகத் திறக்கிறேன். முதல் ஆளாக நானே சொல்லிவிடுகிறேன், கம்பனின் கோசலத்தில் இலவசமாக வீட்டுமனை கொடுத்தாலும் நான் போக மாட்டேன்.

காரணத்தைக் கம்பனே சொல்லியிருக்கிறான். நாட்டுப் படலத்தில் 'வண்மை இல்லை ஓர் வறுமை இன்மையால்' என்று ஒரு பாட்டு வருமே, பள்ளிக்கூடத்தில் நம்மில் பாதிப்பேர் மனப்பாடம் செய்திருப்போம். ஏழை இல்லை, அதனால் வள்ளல் இல்லை. எதிர்க்க ஆள் இல்லை, அதனால் வீரம் இல்லை. பொய் சொல்பவன் இல்லை, அதனால் உண்மை என்று தனியாக ஒன்று தெரிவதில்லை. அவன் இதைப் பெருமையாகத்தான் பாடுகிறான், எனக்கோ படிக்கப் படிக்க மூச்சு முட்டுகிறது. நல்லவனாக நடந்துகொள்ள ஒரு சந்தர்ப்பம்கூட மிச்சமில்லாத ஊரில் காலையில் எழுந்து என்ன செய்வது? வள்ளுவர் 1058-இல் 'இரப்பாரை இல்லாயின் ஈர்ங்கண்மா ஞாலம் மரப்பாவை சென்றுவந் தற்று' என்கிறார். கேட்பவன் இல்லாத உலகத்தில் மனிதர்கள் நடமாடுவது மரப்பொம்மை போய்வருகிற மாதிரியாம். கோசலத்தைப் பார்த்துவிட்டு எழுதியது போலவே இருக்கிறது (யார் முந்தி, யார் பிந்தி என்று பாடம் எடுக்க வர வேண்டாம், தெரியும்).

மணிமேகலையில் ஆபுத்திரன் கதை இன்னும் கொடுமை. பாண்டிய நாட்டில் 12 ஆண்டு மழை இல்லை. இவன் கையில் சிந்தாதேவி கொடுத்த அமுதசுரபி. வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டுக்கொண்டே இருக்கிறான். இந்திரன் கிழவன் வேடத்தில் வந்து என்ன வேண்டும் கேள் என்றதும், இவன் விலா நோகச் சிரித்து, பசித்தவன் முகம் மலர்வதைப் பார்ப்பதைவிட உன் தேவலோகத்தில் என்ன பெரிதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுகிறான். கோபம் வந்த இந்திரன் சாபம் கொடுத்திருந்தால் பரவாயில்லை, மழையைக் கொடுத்தான். எங்கும் விளைந்தது. சோறு கேட்டு வர ஆள் இல்லை. ஆபுத்திரன் இருந்த அம்பலத்தில் வட்டும் சூதும் ஆடுகிற வெட்டிக் கூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது. ஊர் ஊராகப் போய் சாப்பிட யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டால், யார் இந்த ஆள் என்று சிரிக்கிறார்கள். கடைசியில் சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறி, நடுவழியில் மணிபல்லவத் தீவில் தனியாக மாட்டிக்கொண்டு, என் ஒருத்தன் வயிற்றுக்கா இந்தப் பாத்திரம் என்று கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு, உண்ணாமலே உயிரை விடுகிறான்.

செழிப்பையே தண்டனையாக அனுப்பியிருக்கிறார்கள், பாருங்கள். கொடுக்கத் தெரிந்த மனிதனுக்குக் குறையே இல்லாத நாடு நரகம். இதுதான் என் கட்சி. அடிக்க வருபவர்கள் வரலாம்.

இஞ்சிமுரப்பா எழுதியது:

வட்டும் சூதும் ஆடுகிற வெட்டிக் கூட்டம் என்று எங்களைக் கேவலமாகப் பேசியதை வன்மையாகக் கண்டிக்கிறேன். அம்பலத்தில் உட்கார்ந்து அரட்டை அடிக்கத்தான் ஐயா பொன்னுலகமே கேட்கிறோம்.

தெற்குத்தெரு எழுதியது:

கரிசல் அண்ணே, இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறீர்கள், அதில் சோறு வாங்கியவன் ஒருவனாவது வாயைத் திறந்தானா? கொடுப்பவனுக்கு மனம் வாடுகிறது, கொடுப்பவனுக்கு வேலை போய்விடுகிறது, கொடுப்பவன் தீவில் செத்துப்போகிறான். வரிசையில் நின்றவன் என்ன ஆனான்? அவன் தன் வீட்டில் தன் சோற்றைத் தின்றுகொண்டிருக்கிறான். ஊர் ஊராகப் போய்க் கேட்டும் பசித்தவன் ஒருவன்கூடக் கிடைக்கவில்லை என்கிற இடம், என்னைக் கேட்டால், மணிமேகலையிலேயே மகிழ்ச்சியான இடம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நாங்கள் சென்னையில் மொட்டைமாடியில் இருந்தோம். படகில் பொட்டலம் கொண்டுவந்தார்கள். நல்ல மனதோடுதான் வந்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் பொட்டலத்தை என் மாமியார் கையில் வைத்தவர் தன் கையை எடுக்கவில்லை. ஒரு முனை இவர் பிடியில், மறுமுனை அவர் பிடியில், 'அம்மா, கொஞ்சம் இப்படிப் பாருங்க' என்று பக்கத்தில் இன்னொருவர் போனைத் தூக்கிப் பிடிக்கிறார். மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். புளியோதரை நன்றாகத்தான் இருந்தது. அவர் மட்டும் தொடவில்லை.

உங்கள் மரப்பாவைக் குறளை நானும் படித்திருக்கிறேன். அதைத் தாண்டி நாலு குறள் தள்ளிப் போனால் 1062, 'இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து கெடுக உலகியற்றி யான்'. பிச்சை கேட்டுத்தான் ஒருவன் வாழ வேண்டுமென்றால் உலகத்தைப் படைத்தவனே அலைந்து கெட்டுப்போகட்டும் என்று கடவுளையே சபிக்கிறார். வசதியாக 1058-இல் நிறுத்திவிட்டீர்களே, எப்படி?

கரிசல்காட்டான் எழுதியது:

தங்கச்சி, படகில் வந்தவர்கள் செய்ததைக் கொடை என்று நான் சொல்லவே மாட்டேன். 'அறவிலை வணிகன் ஆய் அலன்' என்று புறநானூறு 134-இல் ஆய் அண்டிரனைப் பாடியிருக்கிறதே, இந்தப் பிறவியில் போட்டு அடுத்த பிறவியில் எடுக்கிற வியாபாரி இல்லை அவன் என்று. போட்டோவுக்காகக் கொடுப்பவன் அடுத்த பிறவிவரைகூடக் காத்திருப்பதில்லை, அன்று சாயங்காலமே எடுத்துவிடுகிறான். போலி இருக்கிறது என்பதற்காக அசலே வேண்டாம் என்பீர்களா? 'ஈத்துவக்கும் இன்பம்' என்று வள்ளுவர் சொல்கிற அந்த இன்பம் கோசலத்தில் யாருக்குமே கிடைக்காது. நான் கேட்பது இவ்வளவுதான்.

தெற்குத்தெரு எழுதியது:

உங்களுக்கு அந்த இன்பம் கிடைக்க ஒருவன் பசியோடு இருக்க வேண்டும் என்கிறீர்கள். அந்த ஒருவனாக இருக்க நீங்கள் பெயர் கொடுப்பீர்களா?

பழையபேப்பர் எழுதியது:

இரண்டு பேருமே கொடுப்பதிலும் வாங்குவதிலும் நின்றுவிட்டீர்கள். எந்தப் பொன்னுலகத்தைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது எச்சில் இலை எடுக்கிறவனை. தாமஸ் மோர் 1516-இல் 'யுடோப்பியா' என்று எழுதினாரே, எல்லாவற்றுக்கும் மூலம் என்கிறார்களே, அந்தத் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 6 மணி நேரம்தான் வேலை. பணம் கிடையாது. தங்கத்தை யாரும் மதிக்கக் கூடாது என்பதற்காகத் தங்கத்தில் மூத்திரப் பானை செய்து வைத்திருக்கிறார்கள். வீட்டின்மேல் பாசம் வைக்கக் கூடாது என்று 10 வருடத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கிப்போட்டு வீடு மாற்றுகிறார்கள். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது? அப்புறம் கண்ணை நன்றாகத் துடைத்துக்கொண்டு படித்தால், நாட்டுப்புறப் பண்ணை ஒவ்வொன்றிலும் குறைந்தது 40 பேர், கூடவே 2 அடிமைகள். பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் அழுக்கு வேலை, பளு வேலை எல்லாம் அடிமைகளுக்கு. ஆடு மாடு அறுப்பதும் அவர்கள்தான், ஏனென்றால் குடிமக்கள் அறுத்தால் மனதில் இரக்கம் மரத்துப்போகுமாம்! மற்றவர்களின் இரக்கம் கெடாமல் இருக்க ஒருவன் கத்தி பிடிக்கிறான். அவன் காலில் தங்க விலங்கு.

அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியூர் போய்ப் பிடிபட்டால் அவமானப்படுத்தித் திருப்பி அழைத்து வருவார்கள். மறுபடியும் பிடிபட்டால் அவனும் அடிமை. சித்தி வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போகிற வழக்கமுள்ள நம் ஆட்களுக்கு இது சரிப்படுமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அரைகுறை எழுதியது:

500 வருடத்துக்கு முன் எழுதியதை இன்றைய கண்ணால் பார்த்துக் குறை சொல்வது நியாயமா பேப்பர் சார்? வெளியே விவசாயிகளை நிலத்திலிருந்து விரட்டிவிட்டு ஆட்டுப்பட்டி போட்டுக்கொண்டிருந்த இங்கிலாந்து. வயிற்றுக்குத் திருடினால் தூக்கு. அந்தக் காலத்தில் 6 மணி நேர வேலை, எல்லோருக்கும் சாப்பாடு, எல்லோருக்கும் படிப்பு என்று ஒருவர் நினைத்துப் பார்த்ததே பெரிது. அன்றைய இங்கிலாந்துக் கூலிக்காரனிடம் கேட்டால் ஓடிப்போய்ப் படகு ஏறியிருப்பான்.

பழையபேப்பர் எழுதியது:

ஏறியிருப்பான், சந்தேகமே இல்லை. குடிமகனாக இறங்குவானா, அந்த 2 பேரில் ஒருவனாக இறங்குவானா என்பதுதான் பாக்கி. அக்கம்பக்கத்து நாட்டு ஏழைகள் பலர் அங்கே அடிமை வேலைக்குத் தாமாகவே விரும்பி வந்தார்கள் என்று மோரே எழுதியிருக்கிறார்.

மழைக்குருவி எழுதியது:

இது ஆண்களே கட்டுகிற ஊர்களாக இருக்கிறது. ரொக்கையா பேகத்தின் 'சுல்தானாவின் கனவு' பற்றி யாராவது பேசுவீர்கள் என்று பார்த்தேன், ம்ஹூம். 1905-இல் நம் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில்தான் முதலில் வெளியானது. வங்காளத்துப் பெண், ஆங்கிலத்தில் எழுதினார், அச்சானது மெட்ராஸில். கதையில் பெண்கள் நாட்டை நடத்துகிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள். சமையல் சூரிய வெப்பத்தில் நடக்கிறது, அடுப்பில் கரியும் இல்லை புகையும் இல்லை. மேகத்திலிருந்து குழாய் வழியாகத் தண்ணீரை இறக்குகிறார்கள். படையெடுத்து வந்தவர்களைக் குவித்த வெயிலாலேயே விரட்டுகிறார்கள். வேலை நாளைக்கு 2 மணி நேரம், ஏனென்றால் ஆண்கள் ஆபீசில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்த நேரத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது அவ்வளவுதானாம்.

நான் அங்கே போகத் தயார். நாளைக்கே.

இரும்பன் எழுதியது:

பாதி ஜனத்தொகையை அடைத்து வைத்துவிட்டு அதற்குப் பெயர் பொன்னுலகமா? இதே கதையை ஒரு ஆண் தலைகீழாக எழுதியிருந்தால் இந்த மன்றம் சும்மா விட்டிருக்குமா?

மழைக்குருவி எழுதியது:

எழுத வேண்டிய அவசியமே இல்லை இரும்பன் சார், 1905-இல் வீட்டுக்கு வீடு அதுதான் நடந்துகொண்டிருந்தது. அதை யாரும் கதை என்று சொல்லவில்லை, குடும்பம் என்று சொன்னார்கள். ரொக்கையாவின் கணவர் கதையை நின்றபடியே படித்து முடித்து, பயங்கரமான பழிவாங்கல் என்றாராம். அவருக்குப் புரிந்திருக்கிறது.

இரும்பன் எழுதியது:

பழிவாங்கல் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்களே. அப்படியானால் அது குடியிருக்க ஆசைப்படும் இடம் இல்லை, எதிராளியை உட்கார வைத்துக் காட்டுகிற கண்ணாடி. கரிசல் கேட்டது எதில் குடியேறுவீர்கள் என்று.

மழைக்குருவி எழுதியது:

இரண்டும்தான். புகையில்லாத அடுப்புக்காகக் குடியேறுவேன். அது யாரையும் பழிவாங்கவில்லை. பூட்டைப் பற்றி அங்கே போனதும் சண்டை போட்டுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று, அந்த ஊரில் பொய் சொன்னால் நாட்டைவிட்டே போகச் சொல்லிவிடுவார்கள், திரும்பி வர முடியாது. அது எனக்கும் இடிக்கிறது. மாமியாரிடம் குழம்பு பிரமாதம் என்று சொல்கிற பொய்யைக்கூடக் கணக்கில் சேர்ப்பார்களா தெரியவில்லை.

வரப்புமேல் எழுதியது:

பேப்பர் சார் எச்சில் இலை எடுப்பவனைத் தேடுவேன் என்றாரே, கோசலத்தில் தேடிப் பாருங்கள், கம்பன் ஒளித்து வைக்கவில்லை. அதே நாட்டுப் படலத்தில், 'வண்மை இல்லை' பாட்டுக்கு முன்னாலேயே, வயலில் களை எடுப்பவர்கள் வருகிறார்கள். களை என்று பார்த்தால் தாமரை, குவளை, ஆம்பல். கூட நிற்கிற பெண்களின் கண், கை, கால், முகம், வாய் மாதிரியே அந்தப் பூக்கள் இருக்கின்றன. கள் குடித்துக் கடைவாயில் ஒழுகுகிற மள்ளர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பிடுங்க மனமில்லாமல் சும்மா உலாவிக்கொண்டு நிற்கிறார்கள். 'களைகிலாது உலாவி நிற்பார்'. அதோடு விட்டிருந்தால் சரி, சிறியோர் பெண்கள்மேல் வைத்த ஆசையை விடுவார்களா என்று ஒரு இடியும் இடித்துவிட்டுப் போகிறார்.

நகரப் படலத்துக்கு வந்தால் 'இல்லாரும் இல்லை உடையார்களும் இல்லை மாதோ' என்கிறார். எல்லோரிடமும் எல்லாச் செல்வமும் இருக்கிறதாம். அப்படியானால் சேற்றில் இறங்கியவன் எதற்கு இறங்கினான்? எல்லாச் செல்வமும் உள்ளவன் வயலில் கள்ளைக் குடித்துவிட்டு நின்று திட்டு வாங்க வேண்டிய அவசியம் என்ன? நான் வயலில் இறங்கி வேலை பார்த்த குடும்பத்துப் பையன். அந்தப் பாட்டை ரசிக்கத்தான் செய்கிறேன், அழகான பாட்டு. ரசித்துக்கொண்டே, நம் ஆள் இந்தச் சித்திரத்தில் வேடிக்கைக்குத்தான் வைக்கப்பட்டிருக்கிறான் என்பதும் தெரிகிறது.

அரைகுறை எழுதியது:

அது மருதத்திணை மரபு ஐயா. எல்லாக் கவிஞர்களும் உழவர் கள் குடிப்பதைப் பாடியிருக்கிறார்கள். வயல் வேலைகூடக் காதல் விளையாட்டாக இருக்கும் அளவுக்குச் செழிப்பு என்று காட்டுகிறான். வேலை செய்யாமல் நின்றாலும் யாரும் அடிக்கவில்லை, கூலியைப் பிடிக்கவில்லை, அதைக் கவனியுங்கள். மேஸ்திரி இல்லாத வயல்!

வரப்புமேல் எழுதியது:

மேஸ்திரி இல்லாத வயல் என்றது நல்ல பாயிண்ட், எடுத்துக்கொள்கிறேன். உத்தரகுரு என்று ஒன்று நம் இலக்கியத்தில் உண்டே, புண்ணியம் செய்தவர்கள் போய்ச் சுகமாக இருக்கிற இடம், கேட்டதெல்லாம் மரம் கொடுக்கும். சிலம்பில் புகாரை அதற்குத்தான் ஒப்பிடுகிறார்கள். அங்கே வயலே இல்லை, அதனால் யாரையும் இறக்கிவிட வேண்டியதில்லை. கம்பன் மரத்தை நம்பாமல் மனிதனை வைத்தான். வைத்தவன் அவனையும் செல்வக் கணக்கில் சேர்த்திருக்கலாம் என்பதுதான் என் குறை.

நெறியாளர்:

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ராமாயணத்தை வைத்து இன்றைய கட்சி அரசியல் பேச வேறு இழைகள் இருக்கின்றன. சாதிப் பெயர் சொல்லி ஒருவரை ஒருவர் விளிக்க வேண்டாம். மற்றபடி தொடருங்கள், நன்றாகப் போகிறது.

சாயங்காலம் எழுதியது:

கூனியை ஏன் யாரும் சொல்லவில்லை? குறையே இல்லாத அயோத்தியில் குறையோடு ஒருத்தி இருந்தாள். சின்னப் பையனாக இருந்தபோது ராமன் வில்லில் மண் உருண்டை வைத்து அவள் முதுகில் அடித்த விளையாட்டை அவள் மறக்கவில்லை, மந்தரை சூழ்ச்சிப் படலத்தில் கம்பன் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறான். ஊருக்கே செல்லப்பிள்ளை. அவனுடைய விளையாட்டுக்கு இவள் முதுகு. சீற்றமே இல்லாத நாடு என்று முன்னால் பாடியாகிவிட்டதால் இவளுக்குக் கோபம் வர இடமே கிடையாது, வந்தால் அவள்தான் கெட்டவள். அர்சுலா லெ குவின் 1973-இல் எழுதிய ஓமெலாஸ் சிறுகதையில், ஒரு நகரத்தின் மொத்தச் சந்தோஷமும் ஒரு நிலவறையில் அடைபட்டுக் கிடக்கிற குழந்தையின் துன்பத்தில் நிற்கிறது. எல்லோருக்கும் தெரியும், பெரும்பாலோர் பழகிவிடுகிறார்கள், சிலர் மட்டும் ஊரைவிட்டு நடந்து போய்விடுகிறார்கள். அந்தக் கதையைப் படிக்கும்போது எனக்குக் கூனிதான் ஞாபகம் வந்தாள்.

அரைகுறை எழுதியது:

ஒப்பீடு இடிக்கிறது. ஓமெலாஸ் குழந்தையை வெளியே எடுத்தால் ஊர் சுகம் போய்விடும், அதுதான் அந்த ஊரின் ஒப்பந்தமே. கூனியை யாரும் அடித்திருக்காவிட்டால் அயோத்திக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை, ஒருவேளை பட்டாபிஷேகம் ஒழுங்காக நடந்திருக்கும். அவள் அந்த ஊரின் அஸ்திவாரம் இல்லை, அந்த ஊரின் அலட்சியம்.

சாயங்காலம் எழுதியது:

அலட்சியம் என்பது இன்னும் மோசம் இல்லையா? ஓமெலாஸ்காரர்களுக்காவது அந்தக் குழந்தை இருப்பது தெரியும்.

தெற்குத்தெரு எழுதியது:

எனக்கு இப்போது ஒரு யோசனை. லெ குவினே 1974-இல் எழுதிய 'தி டிஸ்பொஸெஸ்ட்' நாவலில் அனாரெஸ் என்று ஒரு நிலவு. வறண்ட பூமி. அரசாங்கம் இல்லை, சொத்து இல்லை, சிறை இல்லை. ஏழை பணக்காரன் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தட்டுப்பாடு. கரிசல் அண்ணனுக்கு ஏற்ற ஊர். கொடுக்க எப்போதும் சந்தர்ப்பம் உண்டு, ஆனால் வாங்குபவன் கைகட்டி நிற்க வேண்டாம், நாளை அவன் கொடுப்பான்.

பழையபேப்பர் எழுதியது:

முழுதாகச் சொல்லுங்கள் அம்மா. பஞ்சம் வந்தபோது ஒரு ரயில் நடுவழியில் நின்றுவிடுகிறது, பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் சோற்றைப் பங்கு போட மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அதுவும் அனாரெஸில்தான். அப்புறம், சட்டம் இல்லை என்று பெயர், அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்கிற பயம் சட்டத்தைவிட இறுக்கமாகப் பிடித்திருக்கிறது. கதாநாயகன் பெரிய விஞ்ஞானி, தன் ஆராய்ச்சியை வெளியிட மேலே இருக்கிற ஒரு பொறாமைக்காரனிடம் மல்லுக்கட்டுகிறான். ஊர் வாய்க்குப் பயந்தே ஊரைவிட்டு ஓடிவந்தவன் நான், மறுபடியும் அதற்குள் போவேனா?

தெற்குத்தெரு எழுதியது:

அதனால்தான் எனக்குப் பிடிக்கிறது சார். கதவைச் சாத்தியதை அந்த நாவலே சொல்கிறது, நீங்கள் வெளியிலிருந்து தோண்டி எடுக்கவில்லை. மோர் அடிமைகளைச் சொல்லும்போது அதைக் குறையாகச் சொல்லவில்லை, வசதியாகச் சொல்கிறார். தன் ஊரில் யார் கதவைச் சாத்தினார்கள் என்று தானே சொல்கிற பொன்னுலகத்தில் எனக்குச் சண்டை போடவாவது இடம் இருக்கும்.

கரிசல்காட்டான் எழுதியது:

அனாரெஸ் எனக்குச் சம்மதம். ஆனால் என் கட்சியை நான் விடவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அங்கேயும் தட்டுப்பாடு இருப்பதால்தானே கொடுப்பதற்கு அர்த்தம் வருகிறது? நான் முதல் பதிவில் சொன்னதும் அதுதான்.

தெற்குத்தெரு எழுதியது:

நீங்கள் முதல் பதிவில் கேட்டது பசித்த இன்னொருவனை அண்ணே. இங்கே உங்களுக்கும் பசிக்கும்.

இஞ்சிமுரப்பா எழுதியது:

பசி, பஞ்சம் எல்லாம் இருக்கட்டும். அனாரெஸில் அம்பலம் மாதிரி உட்கார்ந்து பேச இடம் உண்டா, அதை யாராவது சொல்லுங்கள்.

பழையபேப்பர் எழுதியது:

பேச்சுக்குக் குறைவே இல்லை, எல்லாவற்றுக்கும் கூட்டம் போடுவார்கள். ஆனால் பத்து நாளில் ஒரு நாள் எந்தப் பெரிய படிப்பு படித்தவனாக இருந்தாலும் ஊர்ப் பொது வேலைக்குப் போக வேண்டும், கூட்டுவது, அள்ளுவது எல்லாம்.

இஞ்சிமுரப்பா எழுதியது:

அப்படியானால் நான் கோசலம். களை எடுக்கச் சொன்னால் பூவைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறேன், அதற்கு அங்கே பாட்டே இருக்கிறது.